சோத்தைக் குறைச்சு உடம்பைத் திருத்திறது: வன்னியில புதுசா தொடங்கிற ஆக்களுக்கு

லோ காப் (சோறு, மா, சீனியில இருக்கிற மாப்பொருளைக் குறைச்சுச் சாப்பிடுறது) எண்டு சொன்னோண்ண எங்கட பக்கம் வாற முதல் கேள்வி "அப்ப சோறே சாப்பிடக்கூடாதோ", ரெண்டாவது கேள்வி "எந்தப் பவுடர் நல்லம்". கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மாங்குளம் எண்டு இஞ்ச இருந்துகொண்டு, இஞ்சத்தைய சந்தையில கிடைக்கிறதை வச்சு எப்பிடித் தொடங்கிறது எண்டதைத்தான் எழுதிறன். இன்டர்நெற்றில கிடக்கிற கீட்டோ (மாப்பொருளை அனேகமா விட்டுப்போட்டு கொழுப்பைக் கூட்டிற முறை) பிளான் முழுக்க அவகாடோ, சீஸ், பாதாம் மா. புதுக்குடியிருப்புச் சந்தையில போய் பாதாம் மா கேட்டா என்ன பதில் வருமெண்டு உங்களுக்கே தெரியும்.

என்ர கருத்தை முதலே சொல்லிப்போடுறன். எங்கட கறியளில முக்காவாசி ஏற்கனவே லோ காப் தான், சுறா வறை, கணவாய்க் கறி, நண்டு, முருங்கையிலை வறை, வல்லாரைச் சம்பல், முட்டைப் பொரியல், ரசம், இதுகளில எங்க மாப்பொருள் இருக்கு? கறிக்குக் கீழ கிடக்கிற சோத்துக் கும்பியும் தேத்தண்ணிக்குள்ள கரையிற சீனியும்தான் வண்டி வைக்கிறதுக்குக் காரணம். அதுகளைத் திருத்தினா பெரும்பங்கு அலுவல் முடிஞ்சுது, பவுடர் டப்பா, குளிசைப் போத்தலெல்லாம் பேந்து யோசிக்கலாம்.

முதல் ரத்தம் பாருங்கோ

ஜிம்முக்குக் காசு கட்ட முதல் செய்யவேண்டிய வேலை இது, ஆனா பெடியள் கடைசியாத்தான் செய்யிறாங்கள், கனபேர் செய்யிறதே இல்லை. அநுராதபுரம், பொலன்னறுவைப் பக்கம் 1990களில தெரியவந்த, இன்னதுதான் காரணமெண்டு பிடிபடாத கிட்னி வருத்தம் வவுனியா, முல்லைத்தீவுக் கிராமங்கள் சிலதிலயும் இருக்கு. அது தொடக்கத்தில நோவும் காட்டாது வீக்கமும் காட்டாது, நல்லா வயல் வேலை செய்து கொண்டு திரியிற ஆளுக்கே கிட்னி அரைவாசி பழுதாகியிருக்கலாம். அப்பிடியொரு ஆள் ரிப்போட் ஒண்டும் பாக்காமல் புரோட்டீனைக் கூட்டி, உப்பைக் கூட்டி, தசைக்கெண்டு விக்கிற கிரியேட்டின் பவுடரும் குடிக்கத் தொடங்கினா என்னாகும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. அதால சீரம் கிரியேட்டினின் (கிட்னி எப்பிடி வேலை செய்யுதெண்டு காட்டுற ரத்த ரிப்போட்), யூரின் ரிப்போட், வெறும் வயித்துச் சீனி, கொலஸ்ரோல், இந்த நாலும் பாத்துப்போட்டுத் தொடங்குங்கோ. வயசு 35 தாண்டியிருந்தா அரச ஆஸ்பத்திரியளில சீனி, பிரஷர், உயரம், நிறை பாக்கிறதுக்கெண்டே கிளினிக் நடக்குது, கிட்ட இருக்கிற ஆஸ்பத்திரியில எந்த நாள் எண்டு கேட்டுக்கொண்டு போங்கோ.

சீனி வருத்தத்துக்குக் குளிசை போடுற ஆக்கள் கவனமா வாசியுங்கோ. இன்சுலின் குத்துற ஆக்களும், கிளிக்கிளசைட் மாதிரி குளிசை எடுக்கிற ஆக்களும் திடீரெண்டு சோத்தைக் குறைச்சா, மருந்து பழைய அளவிலயே வேலை செய்யும், சாப்பாடு இருக்காது, சீனி படக்கெண்டு இறங்கும், கை நடுங்கும், குளிர வேர்க்கும், தலை சுத்தும், ஆள் மயங்கி விழவும் கூடும். மெற்போமின் மட்டும் எடுக்கிற ஆளுக்கு அந்தப் பயம் குறைவு. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாதிரி "கிளிஃப்ளோசின்" எண்டு முடியிற சீனிக் குளிசை எடுக்கிற ஆக்களுக்கு இன்னொரு ஆபத்து, மாப்பொருளை ஒரேயடியா விட்டா ரத்தத்தில அமிலம் ஏறும், அது நடக்கேக்க குளுக்கோமீற்றரில சீனி சாதாரணமாக்கூடக் காட்டலாம். பிரஷர் குளிசைக்காரருக்கும் நிறை இறங்க இறங்க பிரஷர் கீழ போகும். கிளினிக் கொப்பியைக் கொண்டுபோய் "சோத்தைக் குறைக்கப் போறன், மருந்தை என்ன செய்யிறது டொக்டர்" எண்டு ஒரு கேள்வி கேட்டா காணும். பிள்ளைத்தாச்சி, பால் குடுக்கிற அம்மாமார், கிட்னி பழுதெண்டு ஏற்கனவே சொல்லப்பட்ட ஆக்கள் இந்தப் பக்கம் வரவேண்டாம்.

தராசை விட ரேப் முக்கியம்

நிறை குறையிறது வேற, உடம்பு மாறுறது வேற. தசை கூடி கொழுப்பு குறைஞ்சா தராசு அசையாமலும் நிக்கும், ஆனா களுசான் இடுப்பு லூசாகும். அதால தையல் ரேப் ஒண்டை எடுங்கோ, காலமை ரொயிலற் போய் வந்து, தேத்தண்ணி குடிக்க முதல், மூச்சை விட்டுப்போட்டு தொப்புளடியில சுத்திப் பாருங்கோ, வயித்தை உள்ள இழுத்துப் பிடிக்கிற விளையாட்டு வேண்டாம். தெற்காசிய ஆக்களுக்கு ஆம்பிளையெண்டா 90 சென்ரிமீற்றர், பொம்பிளையெண்டா 80, அதுக்கு மேல போனா வயித்துக்குள்ள கொழுப்பு கூடீற்று எண்டு அர்த்தம். கையும் காலும் மெலிஞ்சு வண்டி மட்டும் முன்னுக்கு நிக்கிற ஆக்கள் எங்கட சனத்தில கனக்க, அவைக்கு நிறை சரியா இருந்தாலும் இந்த இலக்கம் பிழையாத்தான் வரும். கிழமைக்கு ஒருக்கா ஒரே நாளில அளந்து போன்ல எழுதி வையுங்கோ. தினமும் தராசில ஏறி மனம் குழம்பத் தேவையில்லை.

இனிக் கணக்கு

மாப்பொருள் எவ்வளவெண்டு தெரியாமல் குறைக்கேலாது. சின்ன டிஜிட்டல் தராசு ஒண்டு குசினியில இருந்தா முதல் ரெண்டு கிழமைக்கு நல்ல உதவி, பேந்து கண் பழகீடும்.

அவிச்ச வெள்ளைச் சோறு 100 கிராமில 28 கிராமளவு மாப்பொருள். வேலை செய்யிற ஆள் ஒருத்தர் மத்தியானம் சாப்பிடுற சோத்தை ஒருக்கா நிறுத்துப் பாருங்கோ, 400 கிராம் லேசா வரும், அதுவே 112 கிராம். ஒரு றாத்தல் பாண் 450 கிராம் எண்டா அதில 220 அளவு, கால் றாத்தலைச் சம்பலோட முடிச்சா 55. அரிசிமா 100 கிராமில 80 கிராம் மாப்பொருள்தான், அதைப் புட்டா அவிச்சாலும் இடியப்பமாப் பிழிஞ்சாலும் அந்த 80 எங்கயும் போகாது. தேத்தண்ணிக்கு ரெண்டு கரண்டி சீனி போட்டா 8 முதல் 10 கிராம், நாளைக்கு அஞ்சு தேத்தண்ணி எண்டா 50 வரைக்கும் வரும், அதை ஒருத்தரும் சாப்பாட்டுக் கணக்கில சேக்கிறேல்ல.

இஞ்சதான் எங்கட ஆக்கள் கனபேர் பிழைவிடுற இடம். சிவப்பரிசி, குரக்கன், ஒடியல்மா, மரவள்ளி, பனங்கட்டி, இதெல்லாம் "எங்கட சாமான், இயற்கையானது, ஒண்டும் செய்யாது" எண்டொரு நம்பிக்கை. சிவப்பரிசிச் சோத்தில நார் கொஞ்சம் கூட இருக்கு, சீனி ஏறுற வேகம் கொஞ்சம் குறையும், அது நல்லம்தான், ஆனா மாப்பொருள் கிட்டத்தட்ட வெள்ளைச் சோத்தளவுதான். குரக்கன்மா 100 கிராமில 70க்கு மேல. பனங்கட்டி எண்டது பனையில இருந்து வந்த சீனி. டயபிற்றிஸ் எண்டு குரக்கன் புட்டு ரெண்டு நீத்துப்பெட்டி நிறையச் சாப்பிட்டுப்போட்டு பனங்கட்டி கடிச்சுத் தேத்தண்ணி குடிக்கிற ஐயாமாரைப் பாத்தா எனக்கு என்ன சொல்லுறதெண்டே தெரியிறேல்ல. பாலைப்பழக் காலத்திலயும் இதே கதைதான், பையோட மடியில வச்சுக்கொண்டு இருந்தா எண்ணிக்கையே தெரியாது.

இப்ப இலக்கு. கண்டிப்பான கீட்டோ எண்டா நாளைக்கு 20 முதல் 50 கிராம், அதுக்குள்ள வந்தாத்தான் ஈரல் கொழுப்பில இருந்து கீட்டோன் எண்ட எரிபொருளைச் செய்யத் தொடங்கும். அந்த முறை முதல்ல வந்தது வலிப்பு வருத்தத்துக்கு, 1921ல அமெரிக்காவில மேயோ கிளினிக்கில தொடங்கினது, மெலியிறதுக்கு அதைப் பிடிச்சது பேந்துதான். புதுசா தொடங்கிற ஆளுக்கு அது தேவையில்லை எண்டதுதான் என்ர எண்ணம், மூண்டு நாளில வெறுத்துப்போய் நாலாம் நாள் கொத்துரொட்டிக் கடையில நிப்பீங்கள். 100 முதல் 130 கிராமுக்குள்ள கொண்டுவாங்கோ, இப்ப நீங்கள் சாப்பிடுறது 300 தாண்டியிருந்தா அதுவே பெரிய இறக்கம்.

ஒரு நாள் எப்பிடி இருக்கலாமெண்டா, காலமை ரெண்டு மூண்டு முட்டையோட அவிச்ச பயறு ஒரு சின்னக் கிண்ணம், மத்தியானம் சோறு 120 கிராம், அதோட மீன் ரெண்டு பெரிய துண்டு, கீரையோ வறையோ கோப்பையில பாதி, பின்னேரம் சீனி இல்லாத தேத்தண்ணியும் ஒரு கைப்பிடி கச்சானும், இரவு புட்டெண்டா ஒரு சின்னக் கிண்ணம், சுறா வறையோ முட்டையோ கனக்க. இது நூறைச் சுத்தி வரும். கத்தரி, வெண்டி, புடலங்காய், பாவக்காய், பயித்தங்காய், முருங்கைக்காய், வாழைப்பூ எல்லாம் தாராளமாச் சாப்பிடலாம், உருளைக்கிழங்கு, மரவள்ளி, வாழைக்காய், பலாக்கொட்டை இதுகளைக் கறியெண்டு நினைக்காமல் சோத்துக் கணக்கில சேருங்கோ. உருளைக்கிழங்குக் கறியோட சோறு சாப்பிடுறது சோத்தோட சோறு சாப்பிடுறதுதான்.

கோப்பையில போடுற ஒழுங்கையும் மாத்துங்கோ. நாங்கள் முதல் சோத்தைக் குவிச்சு நடுவில குழி தோண்டி சொதியை விட்டுப்போட்டுத்தான் கறிக்கு இடம் தேடுறம். முதல் கீரையையும் மரக்கறியையும் பாதிக் கோப்பைக்கு வையுங்கோ, பேந்து மீன், மிஞ்சின இடத்தில ஒரு அகப்பை சோறு. அம்மாமார் விடமாட்டினம், அது தெரியும், "என்ன தம்பி கொத்திற மாதிரிச் சாப்பிடுறாய், சுகமில்லையோ" எண்டு அடுத்த அகப்பை வந்து விழும். "அம்மா சோறு காணும், மீன் இன்னொரு துண்டு போடுங்கோ" எண்டு கேளுங்கோ, வேண்டாமெண்டு சொல்லுறதிலும் பாக்க வேறொண்டைக் கேட்டா அவவுக்கும் சந்தோசம்.

முதல் பத்து நாள்

முதல் கிழமையில நிறை ஒண்டு ரெண்டு கிலோ, சில பேருக்கு மூண்டு கிலோ கூட இறங்கும், உடன ஃபேஸ்புக்கில போடாதேங்கோ, அதில பெரும்பங்கு தண்ணி. தசையிலயும் ஈரலிலயும் கிளைக்கோஜன் எண்டு 400, 500 கிராமளவு மாப்பொருள் சேத்து வச்சிருக்கும், ஒவ்வொரு கிராமும் மூண்டு கிராமளவு தண்ணியைப் பிடிச்சு வச்சிருக்கும், சேமிப்புக் கரையேக்க தண்ணியும் போகுது. அதோட இன்சுலின் குறைய கிட்னி உப்பையும் கூட வெளியில விடும், அதால தலையிடி, களைப்பு, கால் கெண்டை பிடிக்கிறது, எழும்பேக்க கண் இருட்டிறது எல்லாம் வரும். பிரஷரும் கிட்னி வருத்தமும் இல்லாத ஆக்கள் ரசத்திலயோ எலும்பு சூப்பிலயோ உப்பைக் கொஞ்சம் கூட்டிக் குடிச்சா ஒண்டு ரெண்டு நாளில சரிவரும். பிரஷர் இருக்கிற ஆக்கள் உப்பைக் கூட்டவேண்டாம், மாப்பொருளை மெல்ல மெல்ல இறக்கினா இந்தக் கரைச்சலே பெரிசா வராது.

தண்ணி. சித்திரை வைகாசி வெக்கையில வயலிலயோ றோட்டு வேலையிலயோ நிக்கிற ஆள் காலமை ஒரு தேத்தண்ணியோட பின்னேரம் மட்டும் இழுக்கக்கூடாது, கிட்னியில கல்லு வாறதுக்கு அது நல்ல வழி, சிறுநீர் இளமஞ்சளா போகுதோ எண்டு பாத்தா அதுவே அளவு. செவ்விளனியிலயும் சீனி இருக்கு, ஒரு இளனி குடிக்கலாம், தண்ணிக்குப் பதிலா மூண்டு நாலு வெட்டக்கூடாது.

புரோட்டீனும் பாரம் தூக்கிறதும்

சோத்தைக் குறைச்சுப்போட்டு வேறொண்டும் செய்யாமல் இருந்தா கொழுப்போட தசையும் கரையும், பேந்து பழைய சாப்பாட்டுக்குத் திரும்பேக்க கொழுப்பு மட்டும் முதல் வந்து குந்தும். தசையைக் காப்பாத்த ரெண்டு விசயம் வேணும். கிட்னி நல்லா இருக்கிற ஆளுக்கு உடம்பு நிறையில கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் புரோட்டீன், 70 கிலோ ஆளெண்டா நாளைக்கு 84 முதல் 112 கிராம். ஒரு முட்டையில 6 கிராம், சமைச்ச மீன் 100 கிராமில 20 முதல் 25, கோழி இறைச்சியில 27க்கு மேல. முல்லைத்தீவுக் கரையில சூடை, கீரி, பாரை வருது, இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளத்தில ஜப்பான் மீனும் விராலும் பிடிபடுது, இவ்வளவும் இருக்கேக்க புரோட்டீனுக்கு என்ன பஞ்சம்? விலை குறைஞ்ச சூடையில ஒமேகா 3 நல்லா இருக்கு, அதைக் கிழமைக்கு ரெண்டு மூண்டு தரம் சாப்பிடுற ஆளுக்கு மீனெண்ணெய்க் குளிசை வீண் செலவு. கருவாட்டை மட்டும் அளவா எடுங்கோ, உப்பு.

வெள்ளிக்கிழமை, விரத நாளெண்டா கொஞ்சம் சிக்கல்தான். சோயா மீற், தயிர், பயறு, கௌபி, உழுந்து எண்டு ஓட்டலாம், ஆனா பருப்பு வகையில புரோட்டீனை விட மாப்பொருள் கூட, அதால அண்டைக்குச் சோத்தை இன்னும் குறைக்கோணும். சைவமே சாப்பிடுற ஆக்கள் 130ஐ ஒட்டி நிண்டாக் காணும், கீட்டோ பக்கம் போகவேண்டாம்.

பாரம் தூக்க ஜிம் இருந்தா நல்லம், இல்லாட்டி ஆர்ஓ தண்ணி வாங்கிற 20 லீற்றர் கான் நிரம்பினா 20 கிலோ, அதை நெஞ்சோட அணைச்சுக்கொண்டு இருந்து எழும்புங்கோ, ஒரு கையால தூக்கி முற்றத்தைச் சுத்தி நடவுங்கோ, தண்டால் போடுங்கோ, மரக்கொப்பில தொங்கி உன்னுங்கோ. கிழமைக்கு மூண்டு நாள், கடைசி ரெண்டு தரம் கஷ்டப்பட்டுத்தான் ஏறவேணும். வயல் வேலை செய்யிறன், எனக்கெதுக்கு இது எண்டு கேக்கிற ஆக்களுக்கு, வயல் வேலை நல்லது, ஆனா ஒவ்வொரு கிழமையும் பாரம் கூடிக்கொண்டு போறேல்ல, உடம்பு அதுக்குப் பழகீட்டுது.

டப்பாவும் போத்தலும்

சப்ளிமென்ற் கதைக்கு வருவம். கனடாச் சித்தப்பா அனுப்பின பெரிய டப்பா வீட்டில இருக்கிறதாலயே கனபேர் தொடங்கிறாங்கள். முதல் வேலை டப்பாவைத் திருப்பிப் பின்பக்கத்தை வாசிக்கிறது.

வே புரோட்டீன் எண்டா பாலில இருந்து எடுக்கிற புரதம், 30 கிராம் கரண்டியில 24 கிராமளவு புரோட்டீன் இருந்தா நல்ல சாமான். அது மருந்தில்லை, மாயமுமில்லை, நாலு முட்டையில இருக்கிற புரதம் ஒரு கரண்டியில, அவ்வளவுதான். காலமை ஏழுமணி பஸ் பிடிக்கிற ஆளுக்கு வசதி. பால் குடிச்சா வயிறு ஊதுற ஆக்களுக்கு ஐசொலேற் எண்ட வகை ஒத்துக்கொள்ளும். ஈரக் கரண்டி போடாதேங்கோ, தகரக் கூரைக்குக் கீழ வெக்கையில வையாதேங்கோ, கட்டிபட்டு மணக்கும்.

மாஸ் கெய்னர் எண்டு வாற பெரிய பக்கற் வேற சாதி. சிலதில ஒரு வேளைக்குச் சொல்லியிருக்கிற அளவிலயே 200 கிராமுக்கு மேல மாப்பொருள், ரெண்டு நாளுக்கு நீங்கள் சாப்பிடுறதை ஒரு பேணியில குடிச்சு முடிச்சிடுவீங்கள். மெலிஞ்ச பெடியன் பருக்கிறதுக்கு அது, வண்டி குறைக்க வந்த ஆளுக்கு இல்லை. சோத்தை விட்டுப்போட்டு இதைக் குடிக்கிற பெடியள் ஜிம்மில இருக்கிறாங்கள்.

கிரியேட்டின் மொனோஹைட்ரேற் நல்லா ஆராய்ஞ்ச சாமான், நாளைக்கு 3 முதல் 5 கிராம், எந்த நேரமெண்டாலும் பரவாயில்லை, முதல் கிழமை 20 கிராம் அள்ளிப் போடத் தேவையில்லை. தசைக்குள்ள தண்ணி பிடிச்சு நிறை ஒரு கிலோவளவு ஏறும், அது கொழுப்பில்லை. இதைக் குடிக்கேக்க ரத்தத்தில கிரியேட்டினின் அளவு கொஞ்சம் கூடிக் காட்டும், கிட்னி நல்லா இருந்தாலும் அப்பிடித்தான், அதாலதான் தொடங்க முதலே ஒரு ரிப்போட் எடுத்து வையுங்கோ எண்டது, டொக்டரிட்டையும் குடிக்கிறதைச் சொல்லுங்கோ. ரிப்போட் பிழையெண்டா இதைத் தொடவே வேண்டாம்.

பீசிஏஏ (புரோட்டீனில இருக்கிற சில அமினோ அமிலங்களைத் தனியா எடுத்த பவுடர்): புரோட்டீன் காணுமெண்டா வீண் காசு. கீட்டோன் பவுடர், கீட்டோ ட்ரொப்ஸ்: அதுவும் வீண்.

கொழுப்பைக் கரைக்குமெண்டு ஃபற் பேர்னர் எண்ட பேரில வாறதுகளுக்குப் பயப்பிடுங்கோ. கார்சினியா எண்டு பெரிய விலையில விக்கிற குளிசை வேறொண்டுமில்லை, மீன்கறிக்குப் போடுற கொறக்காய்ப்புளியில இருந்து எடுத்த சாறு. கறியில போட்டா ருசி, குளிசையாப் போட்டா பெரிசா மெலியிறதுக்கு ஆதாரமில்லை, ஈரல் பழுதான ஆக்களைப் பற்றி மருத்துவ அறிக்கையள் வந்திருக்கு. கிறீன் ரீ சாற்றுக் குளிசைக்கும் அதே குற்றச்சாட்டு இருக்கு. அதைவிட மோசம், "மூலிகை" எண்டு லேபல் ஒட்டி போன்ல விளம்பரம் பாத்து வாங்கிற கோப்பி, குளிசை. சிபுட்ரமின் எண்ட மெலியிற மருந்தை மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதெண்டு 2010ல அமெரிக்காவிலயும் ஐரோப்பாவிலயும் சந்தையில இருந்து எடுத்தவை, அதைக் களவா கலந்து விக்கிறது உலகம் முழுக்கப் பிடிபட்டுக்கொண்டிருக்கு. குளிசை போட்டு ரெண்டாம் நாளே பசியில்லை, நித்திரை வருகுதில்லை, நெஞ்சு படபடக்குதெண்டா அது மூலிகை இல்லை, நிப்பாட்டிப்போட்டு பக்கற்றையும் கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. ஜிம்மில ஆரும் ரகசியமாக் குடுக்கிற ஊசி, பேரில்லாத குளிசை, அதைப் பற்றிக் கதைக்கவே வேண்டாம், வேண்டாம் எண்டா வேண்டாம்.

கொண்டாட்டமும் மூண்டாம் மாசமும்

வற்றாப்பளைப் பொங்கல், கலியாண வீடு, அந்தியேட்டி எண்டு வரத்தான் போகுது. பொங்கலைச் சாப்பிடுங்கோ, அடுத்த வேளை பழைய கணக்குக்கு வாங்கோ, "இண்டைக்குக் குழம்பீற்றுது, திங்கக்கிழமை தொடங்குவம்" எண்ட கதை மட்டும் வேண்டாம்.

வேறொண்டும் தெரிஞ்சிருக்கோணும், லோ காப் மட்டும்தான் வழியெண்டு இல்லை. 2018ல ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 609 பேரை ரெண்டாப் பிரிச்சு ஒரு வருசம் பாத்தது, கொழுப்புக் குறைச்ச ஆக்கள் சராசரி 5.3 கிலோ இறங்கினவை, மாப்பொருள் குறைச்ச ஆக்கள் 6 கிலோ, கணக்குப்படி பெரிய வித்தியாசமில்லை. எங்கட சாப்பாட்டில கூடிக் கிடக்கிறது மாப்பொருள் எண்டதால அதைக் குறைக்கிறது எங்களுக்குச் சுகம், அவ்வளவுதான் என்ர வாதம். சோறு குறைஞ்ச சந்தோசத்தில முதல்பாலைக் கறிக்கெல்லாம் ஊத்தி, பொரியலைக் கூட்டினா நிறை இறங்காது, தேங்காய்ப்பூ 100 கிராமில 350 கலோரியளவு இருக்கு.

மூண்டு மாசம் முடிய அதே நாலு ரிப்போட்டையும் திரும்ப எடுங்கோ, சீனி இருக்கிற ஆக்கள் எச்பிஏவன்சியும் (கடைசி ரெண்டு மூண்டு மாசச் சீனியின்ர சராசரியைக் காட்டுற ரிப்போட்). சில பேருக்கு இந்தச் சாப்பாட்டில எல்டிஎல் எண்ட கெட்ட கொலஸ்ரோல் கனக்க ஏறும். ஏறியிருந்தா முதல் தேங்காய்ப்பாலையும் கொழுப்பு இறைச்சியையும் குறைச்சு, மீனையும் பயறையும் கூட்டி, சோத்தை ஒரு அரை அகப்பை ஏத்தி, ஒண்டரை மாசத்தால திரும்பப் பாருங்கோ, அப்பவும் இறங்கேல்லையெண்டா ரிப்போட் ரெண்டையும் கொண்டுபோய் டொக்டரிட்டக் காட்டுங்கோ.